ஒத்திவைத்த பெயருக்கு ஒரு தேதி

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் மேற்படிப்பை முடித்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அவளுக்கு எங்கள் வாழ்த்தைச் சொல்.

பெருந்தொற்று வந்தால் இதய நோயாளிகளில் யாருக்கு முதலில் சிகிச்சை என்ற நெறிமுறையை எழுதும் வேலை உன்னிடம் வந்திருப்பது நல்லது. நோய் இல்லாத நாளில் நிதானமாக எழுத வேண்டிய விஷயம் இது. வரைவைப் படித்தேன். உடனடி, சில வாரங்களுக்குள், ஒத்திவைக்கலாம் என்று மூன்று அடுக்காகப் பிரித்திருக்கிறாய். முதல் அடுக்கில் பெரிதாகக் கருத்து வேறுபாடு வராது. மூன்றாவதுதான் எனக்குக் கவலை. ஒத்திவைத்த நாளில் சரியாக இருந்த முடிவு ஆறு வாரம் கழித்தும் சரியாக இருக்கும் என்று எதுவும் இல்லை. அதனால் ஒத்திவைக்கும் ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ஒரு தேதியும், அந்தத் தேதியில் அவரை அழைக்க வேண்டியவரின் பெயரும் இருக்கட்டும். அந்த இரண்டும் இல்லாத பட்டியலில் ஒத்திவைத்தவர்கள் மறக்கப்பட்டுவிடுவார்கள்.

முதல் அடுக்கில் ஒன்றிரண்டு சேர்க்க வேண்டும். எஸ்டி உயர்ந்த மாரடைப்புக்கு (ஈசிஜியில் எஸ்டி என்ற பகுதி மேலே ஏறியிருக்கும் வகை) 90 நிமிடத்துக்குள் அடைப்பைத் திறக்கும் பலூன், வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதென்றால் 120 என்ற இலக்கு தொற்றுக் காலத்திலும் மாறாது. ஆனால் பாதுகாப்பு உடை அணிவது, பரிசோதனை, அறையைத் தயார்படுத்துவது எல்லாம் அந்த நிமிடங்களைத் தின்னும். 120-ஐத் தாண்டும் என்று தெரிந்த உடனே, தடைகள் எதுவும் இல்லையென்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்துவிட வேண்டும். டெனெக்டிப்ளேஸ் என்றால் எடைக்கேற்ப ஒரே ஊசி, 75 வயதைத் தாண்டியவருக்குப் பாதி அளவு. 60 முதல் 90 நிமிடத்தில் மறுபடி ஈசிஜி. எஸ்டி பாதிக்கு மேல் இறங்கவில்லை என்றால் மருந்து வேலை செய்யவில்லை, உடனே ஆஞ்சியோவுக்குப் போக வேண்டியதுதான். இறங்கிவிட்டால் 2 முதல் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ.

இதில் ஒரு பொறி உண்டு. கொரோனா நோயாளிகள் சிலருக்கு ரத்தக்குழாயில் அடைப்பே இல்லாமல் எஸ்டி உயர்ந்தது, இதயத் தசை பாதிப்பைக் காட்டும் டிரோபோனினும் ஏறியது. இதயத் தசை அழற்சியால் அப்படி ஆனவருக்குக் கட்டி கரைக்கும் மருந்து கொடுத்தால் ரத்தக்கசிவு ஆபத்து மட்டும்தான் மிச்சம். ஈசிஜியும் அறிகுறியும் ஒத்துப்போகாத இடத்தில், படுக்கையருகிலேயே இரண்டு நிமிட எக்கோ பார்க்கச் சொல். ஒரு குறிப்பிட்ட குழாய் ரத்தம் தரும் இதயத் தசைப் பகுதி மட்டும் அசையாமல் இருக்கிறதா, மொத்த இதயமும் தளர்ந்திருக்கிறதா என்பதே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

செயற்கைச் சுவாசக் குழாய் போட வேண்டிவரும் என்று தோன்றுகிற நோயாளிக்கு அதைக் கேத் லேப்புக்கு (ஆஞ்சியோ செய்யும் அறை) வெளியிலேயே முடித்துவிடுங்கள். உள்ளே போட்டால் அறை காலியாகிக் காற்று தெளியும்வரை அடுத்தவரை ஏற்ற முடியாது. மணிக்கு 6 முறை காற்று மாறும் அறையில் மிதக்கும் துகள்களில் 99% வெளியேற 46 நிமிடம் ஆகும். 12 முறை என்றால் 23 நிமிடம். ஒரு நாளில் எத்தனை பேருக்குச் செய்ய முடியும் என்பதை இந்த எண்ணே தீர்மானிக்கும். உங்கள் அறையின் எண்ணைப் பொறியாளரிடம் கேட்டு நெறிமுறையிலேயே எழுதி வை.

நடு அடுக்கில் என் முதல் கவனம் பெருந்தமனி வால்வுச் சுருக்கம். வால்வுப் பரப்பு 1 சதுர செ.மீ.க்குக் கீழே, சராசரி அழுத்த வேறுபாடு 40 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல், கூடவே அறிகுறியும் இருந்தால் அவரை "திட்டமிட்ட சிகிச்சை" என்ற தலைப்பில் போடாதே. வால்வை மாற்றாமல் விட்டால் நெஞ்சுவலி வந்தவருக்குச் சராசரியாக 5 ஆண்டு, மயங்கி விழுந்தவருக்கு 3, இதயச் செயலிழப்பு வந்தவருக்கு 2 என்பது நாம் மாணவர்களாகப் படித்த கணக்கு. சராசரி அப்படி என்றால் முதல் சில மாதங்களிலேயே போகிறவர்களும் அதில் அடக்கம். மயக்கமோ மூச்சுத்திணறலோ இருந்தால் அடுத்த காலியிடம் அவருக்குத்தான். உடற்கூறு இடம் கொடுத்தால் டாவி (நெஞ்சைத் திறக்காமல் ரத்தக்குழாய் வழியாக வால்வைப் பொருத்துவது) நல்ல வழி. லேசான மயக்க மருந்தில் முடியும், பெரும்பாலும் வென்டிலேட்டர் வேண்டாம், ஐசியு படுக்கையும் சீக்கிரம் காலியாகும்.

நிலையான நெஞ்சுவலிக்காரர்களை (உழைக்கும்போது மட்டும் வழக்கம்போல் வந்து, ஓய்வில் அடங்குகிற வலி) தைரியமாகத் தள்ளிவைக்கலாம். 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வில் 5179 பேர். முதலிலேயே ஆஞ்சியோ செய்த குழுவில் மரணமும் மாரடைப்பும் மருந்துக் குழுவைவிடக் கணிசமாகக் குறையவில்லை. ஆனால் லெஃப்ட் மெயின் (இதயத்தின் இடப்பக்க முதன்மை ரத்தக்குழாய்) அடைப்பு உள்ளவர்கள், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் 35%-க்குக் கீழே உள்ளவர்கள், மருந்துக்கு அடங்காத வலிக்காரர்கள் அந்த ஆய்விலேயே சேர்க்கப்படவில்லை. அதைக் காட்டி இவர்களையும் தள்ளிவைப்பது தவறு. உன் வரைவில் அந்த வரி விட்டுப்போயிருக்கிறது, அவசியம் சேர்.

அறுவைச் சிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் தொற்றுப் பரிசோதனை வேண்டும் என்று எழுதியிருக்கிறாய், சரி. காரணத்தையும் எழுது. 2020-இல் கொரோனா தொற்றோடு அறுவைக்கு உள்ளான 1128 பேரைப் பின்தொடர்ந்ததில் 30 நாளுக்குள் 23.8% பேர் இறந்தார்கள். எல்லா வகை அறுவையும் சேர்ந்த கணக்கு அது. தள்ளிவைக்கக்கூடிய அறுவையைத் தொற்றுக்குப் பின் 7 வாரம் தள்ளலாம் என்று 2021-இல் வந்த பரிந்துரை கொரோனாவுக்கானது. வேறு கிருமி வந்தால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பேஸ்மேக்கர் பற்றி ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. முழு இதய அடைப்போடு (இதயத்தின் மின்சமிக்ஞை முழுதும் தடைபடுவது) மயங்கி விழுகிறவர் முதல் அடுக்கு. பேட்டரி மாற்றும் குறி வந்தவருக்குப் பொதுவாக மூன்று மாத அவகாசம் உண்டு, ஆனால் கருவி இல்லாமல் சொந்தத் துடிப்பே இல்லாதவருக்கு அந்த அவகாசத்தைக் கடைசிவரை செலவழிக்கக் கூடாது.

இனி, ஒத்திவைத்தவர்களைக் குறித்த தேதியில் அழைக்கும் அந்தத் தொலைபேசி அழைப்பு. "எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். வீட்டுக்குள்ளேயே அடைந்திருப்பவருக்கு மூச்சிரைக்காது. மாடிப்படி ஏறுவதையே விட்டிருப்பார். "போன மாதம் செய்த எந்த வேலையை இப்போது செய்வதில்லை?" என்று கேட்கச் சொல். தலையணை எத்தனை வைத்துப் படுக்கிறார், மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறியதா, நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை வாரத்துக்கு எத்தனை தீர்கிறது, ஓய்வில் வலி வருகிறதா. இதில் ஒன்று மோசமானாலும் அந்தத் தகவல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும், நோயாளியின் அடுக்கு மாற வேண்டும். அழைப்பவர் பழக்கமான நர்ஸாக இருந்தால் நோயாளி மனம்விட்டுப் பேசுவார். வால்வுக்காரர்களை வாரம் ஒருமுறை, மற்றவர்களை மாதம் ஒருமுறை என்பது என் யோசனை. உங்கள் ஆள்பலத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்.

பட்டியலில் இல்லாதவர்களுக்கும் இடம் வை. 2020-இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஒன்பது பெரிய மையங்களில் மாரடைப்புக்காகக் கேத் லேப்பை அவசரமாகத் திறந்தது 38% குறைந்தது. நெஞ்சுவலியோடு வீட்டிலேயே இருந்துவிட்டு இரண்டு மூன்று நாள் கழித்து வருகிறவருக்குச் சில சமயம் இதய அறைகளின் நடுச்சுவரே கிழிந்திருக்கும். அதற்கு ஐசியுவும் அறுவைக் குழுவும் தயாராக இருக்க வேண்டும். எல்லா இடத்தையும் முன்கூட்டியே நிரப்பிவிடாதே.

அடுக்கு மாற்றும் முடிவை ஒருவர் தனியாக எடுக்க வேண்டாம். வாரம் ஒரு நாள் இதய மருத்துவர், அறுவை நிபுணர், மயக்கவியல் மருத்துவர் மூவரும் சேர்ந்து பார்த்துக் காரணத்தை ஒரு வரியில் எழுதட்டும். நோயாளியின் குடும்பம் கேட்டால் அந்த வரியைப் படித்துக்காட்டும்படி இருக்க வேண்டும்.

திருத்திய வரைவை அனுப்பு. அழைப்புக் கேள்விகளைத் தனித் தாளாகவே சேர்த்து அனுப்பினால் இங்குள்ள நர்ஸ்களிடமும் காட்டிக் கருத்துக் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
ரகு