நாட்டார் கதை நூல்களை வெளியிடும் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிப்பாளர்களே,

வணக்கம். நான் வகுப்பறையில் கதை சொல்லும் ஆசிரியர். பெரியவர்களிடம் கேட்ட கதைகளைத் தொகுத்து நூலாக்குவதும் என் வேலை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன்: கதை சொன்னவரின் பெயரை நூலில் அச்சிடுங்கள்.

இப்போது அட்டையில் தொகுத்தவர் பெயர் இருக்கிறது. சொன்னவர்களுக்கு நன்றியுரையில், ‘கதை சொன்ன பாட்டிமார்களுக்கு’ என்று ஒரு வரி. அவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டில் சொன்னார், அவருக்கு யார் சொன்னது என்ற விவரமெல்லாம் பின்னிணைப்பில் இருக்கும். பக்கம் கூடினால் முதலில் வெட்டுப்படுவது அந்தப் பின்னிணைப்புதான்.

ஜெர்மன் நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி 1812-இல் வந்தபோது சொன்னவர்களின் பெயர்கள் அதில் இல்லை. 1815-இல் வந்த இரண்டாம் தொகுதியின் முன்னுரையில் மட்டும் டோரோதியா வீமன் என்ற பெண்மணியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார்கள். கேட்டால் மறுபடியும் நிதானமாகச் சொல்வார், ஒரு சொல் பிசகினாலும் அங்கேயே திருத்திக்கொள்வார் என்று எழுதினார்கள். 1819 பதிப்பில் அவருடைய உருவப்படமும் வந்தது. அவரை வெறும் குடியானவப் பெண்ணாகக் காட்டியதில் அவர்களும் தவறினார்கள். அவர் விடுதிக்காரரின் மகள், தையற்காரரின் மனைவி. பெயர் அச்சில் இருந்ததால்தான் பின்னால் வந்த ஆய்வாளர்களால் அவரைத் தேடிப்போய் இதைச் சரிசெய்ய முடிந்தது.

நம்மிடமும் சான்று உண்டு. நாட்டார் கதைகளைத் தொகுத்த எழுத்தாளர், பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத கி. ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் வருகைதரு பேராசிரியராக அமர்த்தியது. வாய்மொழி அறிவும் அறிவுதான் என்று ஒரு பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்ட பிறகு, நூலின் ஒரு பக்கத்தை அதற்கு ஒதுக்க ஏன் தயங்குகிறோம்?

வகுப்பறையில் இதன் பயன் கண்ணுக்குத் தெரியும். ‘ஒரு ஊர்ல ஒரு ராஜா’ என்று தொடங்கினால் பிள்ளைகள் ஊங்கொட்டிக் கேட்பார்கள், அதோடு சரி. இன்னார் சொன்ன கதை, அவருக்கு அவருடைய அத்தை சொன்னது என்று சேர்த்துச் சொன்னால், தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போய்க் கதை கேட்கிறார்கள். அதே கதையை வேறு முடிவோடு கொண்டுவருகிற பிள்ளைகளும் உண்டு. எனக்கு அதைவிட நல்ல வீட்டுப்பாடம் தெரியாது.

(கதை முடிவில் நீங்களாகச் சேர்க்கும் ‘நீதி’யையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சொன்னவர் அதைச் சொல்லவில்லை.)

பெயர் வெளியிட விரும்பாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு வட்டாரமும் ஆண்டும் போதும். மற்றவர்களிடம் ஒப்புதல் வாங்குவது தொகுப்பாசிரியர்களான எங்கள் பொறுப்பு. ராயல்டியில் ஒரு பங்கு கதை சொன்னவர்களுக்குப் போக ஒப்பந்தத்திலேயே ஒரு விதி எழுதுங்கள். என் பங்கிலிருந்து கொடுக்க எனக்குச் சம்மதம். அடுத்த மறுபதிப்புக்கு முன், என் குறிப்பேடுகளில் உள்ள விவரங்களை அவரவர் ஒப்புதலோடு அனுப்பிவைக்கிறேன். அதற்கான பக்கங்களை ஒதுக்குவீர்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
கதைசொல்லும் ஓர் ஆசிரியர்