தமிழ்நாடு அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெறப் போகும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

சென்ற ஞாயிறு குரோம்பேட்டையில் உன் வீட்டுக்கு வந்திருந்தபோது, "அடுத்த மே மாதம் ரிட்டயர்மென்ட், எல்லாவற்றையும் ஆபீஸில் பார்த்துக்கொள்வார்கள் அண்ணா" என்று நீ சொன்னது இன்னும் என் மனதை உறுத்துகிறது. உன் ஓய்வூதியக் கோப்பைத் தயாரிப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உன் பணிப்பதிவேட்டில் இருப்பதைத்தான் அவர் தேனாம்பேட்டையில் இருக்கும் ஏ.ஜி. அலுவலகத்துக்கு, அதாவது மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்கு, எழுதி அனுப்புவார்.

ஆகவே அந்தப் பதிவேட்டை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து நீயே வாசி. என்னோடு பணியாற்றிய ஓர் அம்மையார் பணியிலிருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு நியமனப் படிவத்தை எடுத்துப் பார்த்தோம். திருமணத்துக்கு முன் நீல மையில் அவர் எழுதிக் கொடுத்த தாயார் பெயரே அதில் இருந்தது. அந்தத் தாயாரோ காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வாரிசுச் சான்றிதழுக்காகவும், பதிவேட்டில் தவறாக இருந்த ஓர் இனிஷியலைத் திருத்துவதற்காகவும் அவருடைய கணவர் எட்டு மாதம் அலைந்தார். சேமநல நிதி, பணிக்கொடை, குடும்பப் பாதுகாப்பு நிதி என ஒவ்வொன்றுக்கும் நியமனப் படிவம் தனித்தனி என்பதை மறந்துவிடாதே.

நீ 1995-இல் சேர்ந்தவள், 1.4.2003 முதல் சேர்ந்தவர்களுக்கு வந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் உனக்குப் பொருந்தாது. ஓய்வூதியக் கணக்கில் சேரும் தகுதிப் பணி முப்பது ஆண்டு நிறைந்திருந்தால் கடைசி ஊதியத்தில் பாதி ஓய்வூதியம். அடிப்படை ஊதியம் 80,000 ரூபாய் என்றால் ஓய்வூதியம் 40,000. இதில் மூன்றில் ஒரு பங்கு வரை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக முன்கூட்டியே ஒரு மொத்தத் தொகை பெறலாம்; அதைத்தான் கம்யூட்டேஷன் என்பார்கள். அப்படிப் பெற்றால் 15 ஆண்டுகளுக்கு மாதம் 13,333 ரூபாய் குறையும், ஆனாலும் அகவிலைப்படி முழு 40,000-க்கே கணக்கிடப்படும். வீட்டுக் கடனை அடைக்க வேண்டுமானால் எடுத்துக்கொள். பையனின் கல்யாணத்துக்காக எடுக்காதே என்பது அண்ணனாக என் கருத்து.

கம்யூட்டேஷன் எடுத்தாலும், உனக்குப் பின் உன் கணவருக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் குறையாது. முதல் சில ஆண்டுகளுக்கு உயர்ந்த வீதம் உண்டு. அதன்பின் கடைசி ஊதியத்தில் 30 சதவீதம், அதாவது இந்தக் கணக்கில் 24,000 ரூபாயும் அகவிலைப்படியும் மாப்பிள்ளைக்கு வரும்.

நீ யோசித்தே பார்க்காத விஷயம் மருத்துவக் காப்பீடு. இப்போது உன் சம்பளப் பிடித்தத்தில் பையனுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. ஓய்வூதியர் திட்டத்திலோ ஓய்வூதியரும் கணவர் அல்லது மனைவியும் மட்டுமே அடங்குவர்; 2022 ஜூலையில் தொடங்கிய நான்காண்டுத் திட்டத்தில் மாதம் 497 ரூபாய் பிடித்தம், நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை என்று வைத்திருந்தார்கள். பையன் இன்னும் படிக்கிறான். உன் கடைசிச் சம்பளம் வருவதற்குள் அவனுக்கென்று தனி பாலிசி ஒன்று எடுத்துவிடு. எங்கு சேர்வதானாலும் அந்த மருத்துவமனை காப்பீட்டுத் திட்டத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள். நெஞ்சுவலி வந்த இரவில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

வரும் சனிக்கிழமை மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வா. அவருடைய ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், இருவரும் சேர்ந்து எடுத்த புகைப்படம், பணிப்பதிவேட்டின் நகல் எல்லாம் கையில் இருக்கட்டும். எந்தப் படிவம் எதற்கு என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்