லைன் வேகமாக இருந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மருத்துவமனைகளில் காகிதக் கோப்புகளை ஒழித்துவிட்டு டாக்டர், நர்ஸ் எல்லோர் கையிலும் டேப்லெட் கொடுக்கப்போவதாக அடிக்கடி செய்தி வருகிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்த டேப்லெட் எதை நம்பி ஓடப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. மருத்துவமனை நெட்வொர்க் வேலையில் இருப்பவன் என்பதால் எழுதுகிறேன், நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க்கை மேம்படுத்த வேண்டும் என்று சொன்னாலே, நிர்வாகத்தினர் இணைய லைனின் வேகத்தைக் கூட்டச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மருந்து கொடுத்ததைப் பதிவுசெய்ய ஒரு நர்ஸ் அனுப்பும் தகவல் மிகச் சிறியது, அதற்கு வேகமே பெரிதாகத் தேவையில்லை. நடந்துகொண்டே இருக்கும்போது அறுந்துபோகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் லேசான காரியமில்லை.

ஒரு வார்டில் நின்று பாருங்கள். நர்ஸ் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து (நர்ஸ்கள் உட்காரும் மேசை) கிளம்பி, தாழ்வாரத்தில் திரும்பி, கடைசிக் கட்டிலுக்குப் போகிறார். அங்கே தலைக்கு மேலேயே ஒரு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) இருக்கிறது, ஆனால் வண்டியில் உள்ள டேப்லெட் கிளம்பிய இடத்து ஆக்சஸ் பாயின்ட்டையே விடாமல் பிடித்துத் தொங்குகிறது. எப்போது ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறுவது என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் டேப்லெட்தானே தவிர, கூரையில் இருக்கும் பெட்டி அல்ல. ஒருவழியாக மாறினாலும், அமைப்பு சரியில்லாத இடங்களில், பாதுகாப்புச் சரிபார்ப்பு முதலிலிருந்து மறுபடி நடக்கும். நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையையும் மருந்தையும் ஸ்கேன் செய்து, இரண்டும் பொருந்துகிறதா என்று கணினி சொல்ல வேண்டிய நேரத்தில் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்துக் கட்டிலில் கூப்பிடுகிறார்கள், அவர் எவ்வளவு நேரம்தான் காத்திருப்பார்? மருந்தைக் கொடுத்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வார், அப்புறம் ஸ்டேஷனில் உட்கார்ந்து பதிவுசெய்வார். கணக்கில் எல்லாம் டிஜிட்டல், ஆனால் எதற்காக அந்த ஸ்கேனரை வாங்கினோமோ அந்தச் சரிபார்ப்பு நடக்கவே இல்லை.

இது நர்ஸ்களின் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். அமெரிக்க மருத்துவமனைகளில் பார்கோடு மூலம் மருந்து கொடுக்கும் முறையை ஆராய்ந்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு, ஊழியர்கள் கையாளும் 15 வகைக் குறுக்குவழிகளைப் பட்டியலிட்டது. நோயாளியின் பார்கோடை வண்டியிலும் கதவு நிலையிலும் ஒட்டிவைப்பதெல்லாம் அதில் உண்டு. அதற்கு ஆய்வாளர்கள் கண்ட 31 காரணங்களில் நம்ப முடியாத வைஃபை இணைப்பும் ஒன்று.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. ஒரு ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஆகும் தாமதத்தைக் குறைக்கும் 802.11ஆர் என்ற தரநிலை வந்ததும் அதே 2008இல்தான். சில பழைய கருவிகள் அதோடு ஒத்துப்போகாது என்பதால் அதை ஆன் செய்யாமலே விட்டுவிடுகிறார்கள். பழைய கருவிகளுக்குத் தனி வைஃபை கொடுத்தால் தீர்ந்தது.

அப்புறம் இந்தத் தாழ்வார மோகம். கேபிள் இழுக்கச் சுலபம் என்பதற்காக ஆக்சஸ் பாயின்ட்டுகளை எல்லாம் தாழ்வாரத்தில் வரிசையாக மாட்டுகிறார்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்றுதான் (1, 6, 11), ஆகவே ஒரே தெருவில் நாலு ஒலிபெருக்கியை அலறவிட்டது போல ஒன்றை ஒன்று கெடுக்கும், நோயாளி படுத்திருக்கும் அறைக்குள்ளோ சிக்னல் இருக்காது. 5 கிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டுவதில் அது இன்னும் பலவீனம். ஈயத் தகடு பதித்த எக்ஸ்ரே அறைச் சுவர், லிஃப்ட் எல்லாம் தனிக் கதை. வரைபடத்தைப் பார்த்து மாட்டினால் இதெல்லாம் தெரியாது, கதவுகளைச் சாத்திவிட்டு, ஊழியர்கள் பயன்படுத்தும் அதே டேப்லெட்டோடு நடந்து அளக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பாகம் இன்னும் மோசம். ஆக்சஸ் பாயின்ட்டுக்கு மின்சாரமும் நெட்வொர்க் கேபிள் வழியாகவே போகிறது. அந்தக் கேபிள்கள் வந்து சேரும் பெட்டிக்குப் பெயர் ஸ்விட்ச். பழைய ஸ்விட்ச் ஒரு போர்ட்டுக்கு (கேபிள் செருகும் துளைக்கு) 15.4 வாட் தரும், புதிய ஆக்சஸ் பாயின்ட்டுகளில் பல அதற்கு மேல் கேட்கும், போதாவிட்டால் குறைந்த திறனில் ஓடும். புதுப் பெட்டிக்குச் செலவழித்துவிட்டு ஸ்விட்ச்சுக்குக் காசில்லை என்பார்கள். அந்த ஸ்விட்ச்சுக்கு யுபிஎஸ் இல்லாவிட்டால், கரண்ட் போய் ஜெனரேட்டர் சில வினாடிகளில் வந்துவிட்டாலும், அது மறுபடி எழுந்திருக்கச் சில நிமிடம் பிடிக்கும், அதுவரை அந்தத் தளமே ஊமை. அடுத்தடுத்த ஆக்சஸ் பாயின்ட்டுகளை வெவ்வேறு ஸ்விட்ச்சில் இணைத்தால் ஒன்று விழுந்தாலும் சமாளிக்கலாம்.

பார்வையாளர்களின் வைஃபையும் நோயாளிக்கு மருந்து ஏற்றும் பம்ப்பும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கக் கூடாது என்பதை 2017 மே மாதத்துக்குப் பிறகும் சொல்ல வேண்டியிருப்பது வேதனை. கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டு, நெட்வொர்க் வழியாகக் கணினிக்குக் கணினி பரவிய வான்னாக்ரை வைரஸ் தாக்குதலில் இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் ஆயிரக்கணக்கான அப்பாயின்ட்மென்ட்டுகளை ரத்து செய்தது அப்போதுதான்.

நான் கேட்பது ஒன்றுதான். டென்டரில் எத்தனை பெட்டி, எவ்வளவு வேகம் என்று மட்டும் எழுதாமல், இரவு டியூட்டி நர்ஸ் ஒருவர் மருந்து வண்டியோடு வார்டைச் சுற்றி, லிஃப்ட்டில் ஏறி அடுத்த தளம்வரை போய்வந்து, வழியில் எங்கும் மறுபடி லாகின் செய்ய வேண்டி வரவில்லை என்று கையெழுத்துப் போட்ட பிறகே கடைசித் தவணைப் பணம் என்று ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
மருத்துவமனை நெட்வொர்க் பணியில் இருக்கும் ஒரு வாசகன்