எடைக்கும் ஒரு கட்டம் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இத்தாலியின் மசெராட்டி கம்பெனி தயாரித்த எம்சி20 காரையும் அதே கம்பெனியின் பழைய ரேஸ் கார் 250எஃப்-ஐயும் ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் ‘630 குதிரைத்திறன் எங்கே, 270 எங்கே’ என்று ஒரே வரியில் பழசை ஓரங்கட்டியதுதான் மனசுக்கு ஒப்பவில்லை.

எடையைப் பார்க்க வேண்டாமா? 2020-இல் அறிமுகமான எம்சி20 ஏறத்தாழ 1500 கிலோ. 1957-இல் ஓடிய 250எஃப் சுமார் 650 கிலோதான். வகுத்துப் பாருங்கள், இரண்டிலுமே நூறு கிலோவுக்கு 42 குதிரைத்திறனை ஒட்டித்தான் வருகிறது! இரண்டும் மொடேனா நகரில் பிறந்தவை, இரண்டுக்கும் ஆறு சிலிண்டர். பழையதில் அவை ஒரே வரிசையில் நிற்கும், 2.5 லிட்டர். புதியதில் வி வடிவம், 3 லிட்டர், கூடவே இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் இரண்டு டர்போ.

சரி, வித்தியாசம் எங்கே? அந்தத் திறனைத் தரையில் இறக்குவதில். எம்சி20-இல் மழை வந்தால் ஒரு குமிழைத் திருப்பினால் போதும், மீதியைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். 250எஃப்-இல் ஒல்லி டயர், டிரம் பிரேக், சீட் பெல்ட் கிடையாது. ஆக்சிலரேட்டர் நடுவில், பிரேக் வலது ஓரத்தில். நாற்பது வருஷம் வண்டி ஓட்டிய என் கால் முதல் வளைவிலேயே தப்பானதை மிதித்துவிடும்.

நான் பழைய மெக்கானிக். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயில் காட்டி, ‘உஸ்’ சத்தத்தை ஒப்பிட்டுத்தான் அந்தக் காலத்தில் ட்யூன் பண்ணுவோம். இரண்டு கார்புரேட்டர் வண்டிக்கே அரை நாள் போய்விடும். 250எஃப்-இல் மூன்று வெபர் கார்புரேட்டர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்!

அந்த வண்டியில்தான் 1957 ஆகஸ்ட் 4 அன்று நூர்பர்க்ரிங் பந்தயத் தடத்தில் அர்ஜென்டினா வீரர் ஃபாஞ்சியோ ஜெர்மன் கிராண்ட் பிரிக்ஸ் பந்தயத்தை ஜெயித்தார். அப்போது அவருக்கு 46 வயது. பெட்ரோலுக்கும் டயருக்கும் நிறுத்திய இடத்தில் நேரம் வீணாகி, போட்டியாளர்கள் ஹாதர்ன், காலின்ஸ் இருவரின் ஃபெராரிகளுக்கும் முக்கால் நிமிடத்துக்கு மேல் பின்தங்கிவிட்டார். அப்புறம் சுற்றுக்குச் சுற்று துரத்தினார். ஒரு சுற்று கிட்டத்தட்ட 23 கிலோமீட்டர். அதை 9 நிமிடம் 17.4 வினாடியில் முடித்தார். தகுதிச் சுற்றில் அவரே எடுத்த நேரத்தைவிட இது 8 வினாடி குறைவு. கடைசிக்கு முந்திய சுற்றில் இருவரையும் தாண்டினார்.

கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. எம்சி20-இன் கதவு மேல்நோக்கித் திறக்கும் அழகுக்கு ஒரு முழுப் பத்தி! அழகுதான், மறுக்கவில்லை. அடுத்த முறை அட்டவணை போடும்போது எடைக்கும் ஒரு கட்டம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்