குரல் பதியாத ஹெட்செட்கள்: கல்விப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

கணினி ஆய்வுகூடங்களுக்கு இம்முறை வந்த ஹெட்செட்கள் எவ்வகை என்பது தாங்கள் அறிந்ததே. எல்லாம் கைத்தொலைபேசிக்கு உரியவை. கேட்பதற்கும் பேசுவதற்கும் சேர்த்து, மூன்று கறுப்பு வளையம் போட்ட ஒற்றைச் செருகி. எங்கள் மேசைக் கணினிகளிலோ கேட்பதற்குப் பச்சைத் துளை, பேசுவதற்கு இளஞ்சிவப்புத் துளை என்று இரண்டு. பச்சையில் செருகினால் பிள்ளைக்குச் சத்தம் கேட்கிறது, பிள்ளையின் குரல் பதிவாகவில்லை. மென்பொருளில் எதை மாற்றியும் பயனில்லை.

வேண்டுகோள் ஒன்றுதான்: ஒவ்வொரு கணினிக்கும் ஒலிவாங்கி வேலை செய்யும் யூஎஸ்பி ஹெட்செட் தாருங்கள்.

தமிழில் எழுதப் பழகிய பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பு சிக்குவது இந்த இடத்தில்தான். குண்டூசிக்கான pin, குப்பைத்தொட்டிக்கான bin என்ற இரு ஆங்கிலச் சொற்களும் நம் எழுத்தில் ஒரே ‘பின்’. வேறுபாட்டைக் காது பிடிக்க வேண்டும், பிறகு வாய் பிடிக்க வேண்டும். மாதிரி வரியைக் கேட்டு, தானும் வாசித்து ஒடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிந்து, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டால் பிள்ளை தன் பிழையைத் தானே பிடிக்கும். இதற்கு இணையம் தேவையில்லை. ஒரு நிமிடப் பதிவு, ஒற்றைத் தடத்தில், ஏறக்குறைய 5 முதல் 10 மெகாபைட். பழைய கணினியே தாங்கும். ஸ்பீக்கர் போதும் என்கிறார்கள். கொழும்பின் காலி வீதி பஸ் இரைச்சலுக்கும் மின்விசிறிக்கும் நடுவே இருபது ஸ்பீக்கர் ஒன்றாகப் பேசினால் ‘ப’கரத்தின் எந்த ஒலியைப் பிள்ளை பிரித்தறியும்?

பதினோராம் ஆண்டு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு எழுத்து வினாத்தாள்கள் மட்டுமே. கேட்டலுக்கும் பேச்சுக்கும் புள்ளி இல்லாததால்தான் ஒலிவாங்கி எவர் கண்ணிலும் படவில்லை. ஸ்மார்ட் போர்டுக்குத் திறப்பு விழா நடக்கிறது. பிள்ளை வாய் திறந்து வாசிப்பதற்கான கருவியை ஒருவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. இது எங்களுக்கு வேதனை தருகிறது.

பொறுத்தருள்க. வந்தவற்றை வீசவும் வேண்டாம். ஒலியையும் ஒலிவாங்கியையும் இரண்டு செருகிகளாகப் பிரிக்கும் இணைப்பு வயர் கொடுத்தால் அவையும் வேலை செய்யும். ஆனால் இருவர் சேர்ந்து கேட்பதற்கான வயரும் பார்வைக்கு அதேபோல இருக்கும். அதை வாங்கினால் மறுபடி இதே கதை. பச்சை, இளஞ்சிவப்பு என துளையில் செருகும் இரண்டு ஆண் முனைகள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

அடுத்த கொள்வனவில் யூஎஸ்பி ஹெட்செட்டே வேண்டும். விலைமனுவை ஏற்குமுன் மாதிரி ஒன்றை ஆய்வுகூடக் கணினியில் செருகி, ஓர் ஆங்கில ஆசிரியரைக் கொண்டு ஒரு வரி பதிந்து பார்க்குமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தமிழ்மொழிமூல ஆங்கில, தகவல் தொழினுட்ப ஆசிரியர்கள் சிலர்
கொழும்பு