சிதம்பரத்தில் இரவு ரயில் நிற்க வேண்டுமா? தெற்கு ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

தெற்கு ரயில்வேயில் கால அட்டவணை போடும் அதிகாரிகளுக்கும் திருச்சி கோட்ட அதிகாரிகளுக்கும்,

வணக்கம். விழுப்புரம் – மயிலாடுதுறை மெயின் லைனில் ஓர் இரவு ரயிலைப் புதிதாக விடும்போதோ, ஓடுகிற வண்டியின் நேரத்தைக் குறைக்கும்போதோ, சிதம்பரத்தில் அதற்கு நிறுத்தம் வேண்டுமா என்ற கேள்வி உங்கள் மேசைக்கு வரும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவள் நான். அந்தக் கேள்வியை எப்படிப் பார்க்கலாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது. வடக்கே கடலூர், தெற்கே 40 கிலோமீட்டருக்குள் மயிலாடுதுறை. நிற்பது 2 நிமிடம்தான் என்றாலும், வேகத்தைக் குறைத்து மறுபடி எடுப்பதற்குள் இன்னும் சில நிமிடங்கள் போய்விடும். ஊருக்கு ஊர் நின்றால் எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆகிவிடும். அதனால் பழம்பெருமையைச் சொல்லி நிறுத்தம் கேட்கப் போவதில்லை. நடராசர் கோயில், உ.வே.சா. முதல்வராக இருந்த மீனாட்சி தமிழ்க் கல்லூரி, 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் எல்லாம் எங்களுக்குப் பெருமைதான். ஆனால் ரயில் பயணிகளுக்காக நிற்க வேண்டும்.

அந்தப் பயணிகளை எப்படி எண்ணுவது என்பதில்தான் சிதம்பரம் மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. அண்ணாமலை ஓர் உறைவிடப் பல்கலைக்கழகம். ஒரு வளாகம், அதற்குள்ளேயே விடுதிகள். படிப்பவர்களில் பெரும்பாலோரின் வீடு வேறெங்கோ இருக்கிறது. செமஸ்டர் தொடங்கும்போது அவர்கள் டிக்கெட் எடுப்பது சென்னையில், இராமநாதபுரத்தில், திருச்சியில். சிதம்பரம் கவுன்ட்டரில் என்ன விற்றது என்று மட்டும் பார்த்தால் இவர்களில் பாதிப் பேர் கண்ணில் படவே மாட்டார்கள். இறங்குபவர்களையும் சேர்த்து எண்ணுங்கள்.

இன்னொன்று. இரவு ரயில் சிதம்பரத்தில் நிற்காவிட்டால் மாணவர் என்ன செய்வார்? மயிலாடுதுறைக்கு டிக்கெட் எடுத்து, அங்கே இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பி வருவார். அவர் மயிலாடுதுறைக் கணக்கில் ஏறிவிடுவார். அப்புறம் அந்தக் கணக்கைக் காட்டி, மயிலாடுதுறைக்குத்தான் கூட்டம், சிதம்பரத்துக்கு இல்லை என்று முடிவெடுத்தால் அது எப்படிச் சரியாகும்?

சோதனை முறையில் ஆறு மாதம் நிறுத்தம் கொடுப்பதானால், அதை ஏப்ரலில் தொடங்காதீர்கள். தேர்வு முடிந்து விடுதி காலியாகிவிடும். முதல் இரண்டு மாதம் யாரும் வரமாட்டார்கள். ஜூலையில் தொடங்கி டிசம்பர் முடியப் பாருங்கள். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் வரும் கூட்டத்தை வேண்டுமானால் கழித்துவிடுங்கள். சாதாரண வெள்ளிக்கிழமை இரவையும் ஞாயிறு இரவையும் எண்ணினாலே போதும். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு விடிகாலையில் வந்து சேர வேண்டிய நோயாளிகளும் அதில் இருப்பார்கள்.

ரயில் பாதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெயின் லைன் இன்னும் ஒற்றைப் பாதைதான். எதிர் வண்டிக்கு வழிவிட இரவு ரயில் எங்காவது ஓரிடத்தில் நின்றுதான் ஆக வேண்டும். அந்த கிராஸிங்கைச் சிதம்பரத்தில் வைக்க முடிந்தால், நிறுத்தத்துக்கென்று தனியாக நேரம் போகாது. இதை நீங்கள்தான் வரைபடத்தை வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

சென்னையிலிருந்து சுமார் 245 கிலோமீட்டர். எழும்பூரில் இரவு 11 மணிக்குப் புறப்படும் வண்டி இங்கே வரும்போது நடுநிசி தாண்டி இரண்டு, மூன்று மணி ஆகிவிடும். அந்த நேரத்தில் யார் இறங்குவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நாங்கள் இறங்கினோம். மீட்டர் கேஜ் காலத்தில், முதல் வருடம், அப்பா டிரங்குப் பெட்டியோடு கூட வந்தார். பிளாட்பாரத்திலேயே அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து விடியும்வரை காத்திருந்தோம். கிழக்கே அண்ணாமலை நகர், மேற்கே ஊர், நடுவில் ஸ்டேஷன். வெளிச்சம் வந்ததும் கிழக்கே நடந்தோம். அடுத்த முறையிலிருந்து நாங்கள் தோழிகளாகவே வந்தோம். தூங்கிவிடுவோமோ என்று கடலூரிலிருந்தே கண் விழித்திருப்போம். வெள்ளாற்றுப் பாலச் சத்தம் கேட்டதும் மூட்டைகளை இறக்குவோம். அடுத்த பாலச் சத்தம் கேட்டால் அது கொள்ளிடம்; ஊரைத் தவறவிட்டோம் என்று அர்த்தம்.

அகலப்பாதை வேலைக்காகச் சில ஆண்டுகள் ரயிலே இல்லாமல் இருந்து, 2010-இல் மறுபடி வண்டி வந்தபோது நான் படிப்பை முடித்துப் பல வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் செய்தியைப் படித்த அன்று தோழிகளுக்கெல்லாம் போன் போட்டேன்.

இப்போது படிக்கும் பெண்கள் அந்த நேரத்தில் தனியாக இறங்க வேண்டியிருந்தால், நிறுத்தம் கொடுத்தால் மட்டும் போதாது. பெண்கள் காத்திருப்பு அறையும் கழிப்பறையும் விடியும்வரை திறந்திருக்க வேண்டும். பிளாட்பாரம் முழுவதும் விளக்கு எரிய வேண்டும். ரயில்வே பாதுகாப்புப் படையில் ஒருவராவது அங்கே இருக்க வேண்டும். இவற்றைச் செய்யாமல் நிறுத்தம் மட்டும் கொடுத்து, ஆள் வரவில்லை என்று ஆறு மாதத்தில் எடுத்துவிடாதீர்கள்.

இப்படியெல்லாம் எண்ணிப் பார்த்த பிறகும் பயணிகள் போதாது என்று தெரிந்தால், அந்த எண்ணிக்கையை ஸ்டேஷன் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். நான் மறுபடி மனு எழுத மாட்டேன்.

இப்படிக்கு,
அண்ணாமலைப் பல்கலைக்கழக முன்னாள் மாணவி