மண்ணை நன்றாகப் படித்த மனிதர்

கீல், ஜெர்மனி

அன்புள்ள மல்லிகா,

நலம், உன் நலமறிய ஆவல். அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டேன். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. அவர் மறந்துவிடுவார், நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். குளிர் குறைந்துவிட்டது, ஆனாலும் நான் இன்னும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை.

போன கடிதத்தில் நீ கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாள் எடுத்துக்கொண்டேன். "ஓர் ஆராய்ச்சியாளர் என்ன எழுதினார் என்று பார்த்தால் போதாதா, அவர் எப்படிப்பட்ட ஆள் என்று ஏன் தோண்டுகிறாய்?" என்று கேட்டிருந்தாய். எம்.ஏ. படிக்கும்போதிருந்தே இது நமக்குள் ஓடுகிற பேச்சு. முன்பெல்லாம் நானும் பாதி உன் பக்கம்தான். ஆளை விடு, ஆய்வைப் பார் என்று வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். இப்போது அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹிட்லர் காலத்து ஜெர்மன் தொல்லியலாளர் இருவரின் கதைதான் காரணம், சொல்கிறேன்.

சென்ற மாதம் மகளும் மருமகனும் என்னை ஹைதாபுவுக்கு அழைத்துப் போனார்கள். இங்கிருந்து ஷ்லெஸ்விக் ஒரு மணி நேரம்கூட இல்லை. ஷ்லை என்று கடல் நீண்டு உள்ளே வந்த ஒரு நீர்நிலை, அதன் கோடியில், வைக்கிங்குகள் என்ற வட ஐரோப்பியக் கடலோடிகள் காலத்து நகரம் இருந்த இடம். இப்போது புல்வெளி. அதைச் சுற்றி அரைவட்டமாக ஒரு மண்கோட்டை, ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளம், மேலே மரங்கள் வளர்ந்து கிடக்கின்றன. உள்ளே 24 ஹெக்டேர். 11-ஆம் நூற்றாண்டில் எரிந்து அழிந்த பிறகு மக்கள் தண்ணீரின் அக்கரையில் ஷ்லெஸ்விக்கில் குடியேறிவிட்டார்கள். அதனால்தான் இந்த இடம் மேலே வேறு ஊர் வராமல் அப்படியே மண்ணுக்குள் தங்கியது. ஈர மண் என்பதால் மரம்கூட மக்காமல் கிடைத்திருக்கிறது. நினைத்துப் பார், வீட்டுச் சுவர், வேலி, தெருவில் பரப்பிய பலகை எல்லாம்! நம் ஊர் வெயிலில் இதையெல்லாம் கனவில்தான் பார்க்கலாம்.

965 வாக்கில் ஸ்பெயினின் கோர்டோபாவிலிருந்து அல்-தர்தூஷி என்ற பயணி இங்கே வந்திருக்கிறார். இந்த ஊர்க்காரர்கள் பாடுவது நாய் ஊளையிடுவதைவிட மோசமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். ஆணும் பெண்ணும் கண்மை தீட்டிக்கொள்வார்கள் என்றும் அவர் சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. மை என்றதும் எனக்கு அந்த ஊர் சட்டென்று பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது. நார்வேயிலிருந்து மாக்கல், ரைன் பக்கத்திலிருந்து திரிகைக் கல், அரபு வெள்ளிக் காசு எல்லாம் வந்து இறங்கிய துறைமுகம் அது. டேனியர், சாக்சன்கள், ஃப்ரீசியர், ஸ்லாவியர் என்று பலரும் அங்கே கலந்து வாழ்ந்திருக்கிறார்கள்.

அந்த இடத்தை உலகறியச் செய்தவர் ஹெர்பெர்ட் யான்கூன். 1905-ல் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்தவர். 1930-ல் இங்கே தோண்டத் தொடங்கியபோது அவருக்கு 25 வயதுதான். அப்போது ஹிட்லர் ஆட்சிக்கு வரவில்லை என்பதைக் கவனி. கட்சிக்காரர் என்பதால் அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. உண்மையிலேயே திறமைசாலி. பரந்த இடத்தைத் திறந்து, வீடு வீடாக, தெரு தெருவாக ஒரு நகரத்தை வெளியே கொண்டுவந்தார். ஓர் ஊரை அதன் நிலத்தோடும் நீரோடும் பயிரோடும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்ற போக்கில் பின்னாளில் இந்த நாட்டில் முன்னே நின்றவரும் அவர்தான். அருங்காட்சியகத்தில் நின்று பார்க்கும்போது, நாம் படித்த காலத்தில் இப்படி ஒருவரிடம் வேலை கற்றிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றியது. அதுதான் என்னை உறுத்துகிறது.

1933-ல் ஆட்சி மாறுகிறது. யான்கூன் அந்த வருடமே எஸ்.ஏ. என்ற ஹிட்லர் கட்சியின் அடியாள் படையில் சேர்கிறார். 1934-ல் ஹிம்லர் ஹைதாபு அகழாய்வுக்குப் புரவலர் ஆகிறார். அந்தக் கட்சியின் இன்னொரு படையான எஸ்.எஸ்.ஸின் தலைவரே புரவலர் என்றால் பணத்துக்குக் குறை இருக்குமா? 1937-ல் கட்சியிலும் எஸ்.எஸ்.ஸிலும் சேர்ந்தார். அடுத்த வருடம் இதே கீல் நகரத்து அருங்காட்சியகத்துக்கு இயக்குநர். 1935-ல் ஹிம்லர் தொடங்கிய 'அனெனெர்பே' என்ற அமைப்பில், முன்னோர் மரபு என்று அர்த்தம், அகழாய்வுப் பிரிவு அவர் கைக்கு வந்தது. ஒவ்வொரு படியும் சின்னதுதான், மல்லிகா. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்திருக்கும்: இந்தக் குழியை மூடாமல் காப்பாற்ற வேண்டும், அடுத்த வருடம் கூலி கொடுக்க வேண்டும். மானியம் கேட்டு அலுவலக வாசலில் நின்றவர்கள்தானே நாமும். அந்தக் காரணங்கள் எனக்குப் புரிகின்றன. புரிவதால்தான் பயமாகவும் இருக்கிறது.

அப்புறம் போர் வந்தது. 1941-ல் பிரான்சில் பாயூ என்ற ஊருக்கு ஒரு குழுவோடு போகிறார். 1066-ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த கதையைத் தையல் வேலையாகச் சொல்லும் கிட்டத்தட்ட 70 மீட்டர் நீளத் துணி அங்கே இருக்கிறது. அதை ஜெர்மானிய வீரத்தின் சான்றாகக் காட்ட ஆராய வேண்டுமாம். அந்தக் குழுவில் இருந்த துணி வல்லுநர் கார்ல் ஷ்லாபோவின் காகிதங்கள் இந்த மாநில ஆவணக் காப்பகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. 2025-ல்தான் செய்தி வெளியானது: அவற்றின் நடுவே, கண்ணாடித் தகடுகளுக்கு இடையில், அந்தத் துணியின் ஒரு சின்னத் துண்டு! பிரான்சுக்கே திருப்பித் தருவதாக அறிவித்தார்கள். மகள்தான் அந்தச் செய்தியை எனக்குக் காட்டினாள். இந்தக் கதைக்குள் நான் இறங்கியதே அதனால்தான்.

பாயூவோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 1942-ல் அவர் எஸ்.எஸ். படைகளோடு தெற்கு ரஷ்யாவுக்கும் கிரிமியா பக்கமும் போனார். 'சிறப்புக் குழு யான்கூன்' என்று அவர் பெயரிலேயே ஒரு குழு. பழைய காலத்தில் கோத் என்ற ஜெர்மானிய இனத்தார் அங்கே வாழ்ந்தார்கள், அந்தச் சான்றுகளைக் கண்டுபிடித்துச் சேகரிக்க வேண்டும் என்பது வேலை. அதற்கும் ஆட்சிக்கும் என்ன என்று கேட்பாய். கிரிமியாவை 'கோத் நாடு' என்று பெயரிட்டு அங்கே ஜெர்மானியரைக் குடியேற்றத் திட்டம் போட்டிருந்தார்கள். சிம்ஃபெரோபோலுக்குக்கூட 'கோத்தன்பர்க்' என்று புதுப் பெயர் தயாராக இருந்தது. எங்கள் முன்னோர் இங்கே இருந்தார்கள், ஆகவே இது எங்கள் மண் என்று சொல்ல ஒரு பானை ஓடு, தோளில் துணியைக் குத்திக்கொள்ளும் ஓர் ஊசி வேண்டும். அதே நிலத்தில் 'ஐன்ஸாட்ஸ்குருப்பே டி' என்ற கொலைப்படை ஊர் ஊராக யூதர்களைக் கொன்றது. அதன் தலைவன் ஓலெண்டார்ஃப் நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் ஒரே வருடத்தில் 90,000 பேர் என்று தன் வாயாலேயே சொன்னான். அந்த நிலத்தில்தான் நம் யான்கூன் அருங்காட்சியகப் பெட்டிகளைத் தேடிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஆய்வைப் பார்த்தால் போதும் என்கிறாய். சரி, ஆய்வையே பார்ப்போம். 1937-ல் அவர் ஹைதாபு பற்றி எழுதிய புத்தகத்தின் தலைப்பில் அது 'தொல்காலத்தின் ஒரு ஜெர்மானிய நகரம்'. 1956-ல் வந்த பதிப்பில் 'வைக்கிங் காலத்தின் ஒரு வணிகத்தலம்'. அதே மண், அதே ஓடுகள், அதே ஆசிரியர். மண் எதுவும் மாறவில்லை. படிக்கிறவருக்குச் சம்பளம் கொடுத்த அரசு மாறியிருந்தது. ஆள் யார் என்று தெரியாமல் முதல் தலைப்பை மட்டும் பார்க்கிற மாணவனுக்கு, அந்த 'ஜெர்மானிய' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்? குழியில் இருந்து வந்தது என்றுதானே நினைப்பான்?

அந்த விதையும் அவர் போட்டதில்லை. 1931-ல் இறந்த கொஸின்னா என்ற பேராசிரியர் ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தார்: ஒரே மாதிரிப் பானை கிடைக்கிற இடமெல்லாம் ஒரே இனத்தின் நிலம் என்று. பானை விற்கப்படும், பரிசாகப் போகும், கல்யாணமாகிப் போகிற பெண்ணோடு போகும் என்று ஒரு சமையல்காரிக்குக்கூடத் தெரியும். ஆனால் அரசுக்கு அந்தப் பாடம் தேவைப்பட்டது. வரலாற்றுக்கு முந்தைய காலத் தொல்லியலுக்கு முழுப் பேராசிரியர் பதவி இந்த நாட்டில் முதலில் வந்ததே 1920-களின் கடைசியில், மார்புர்க்கில்தான். நாஜி ஆட்சியிலோ பதவிகள் மளமளவென்று பெருகின. வேலையில்லாமல் இருந்த ஒரு துறைக்குத் திடீரென்று மரியாதை கிடைத்தது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்மையில் இவரைச் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். கெர்ஹார்ட் பெர்சு. ஃப்ராங்க்ஃபர்ட்டில் ரோமானிய-ஜெர்மானிய ஆணையம் என்ற தொல்லியல் நிறுவனத்தின் இயக்குநர். ஐரோப்பாவிலேயே மண்ணடுக்கைப் படிப்பதில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. யூத வம்சாவளி என்பதற்காக 1935-ல் பதவியிலிருந்து இறக்கினார்கள். நாஜிக் கட்சியின் கொள்கைத் தலைவர் ரோசன்பெர்க்கின் ஆளான ஹான்ஸ் ரைனெர்ட் என்ற இன்னொரு தொல்லியலாளர் அவரைத் தொடர்ந்து தாக்கிக்கொண்டிருந்தார். 1937-ல் கட்டாய ஓய்வு. மனைவி மரியாவோடு இங்கிலாந்து போனார்.

அங்கே 1938-லும் 1939-லும் சால்ஸ்பரி பக்கத்தில் லிட்டில் வுட்பரி என்ற இடத்தில் தோண்டினார். அதுவரை அந்த நாட்டில் இரும்புக் கால மக்கள் குழிக்குள் குடியிருந்தார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். பெர்சு குறுகிய பள்ளம் வெட்டாமல் பரப்பாகத் திறந்தார். கம்பம் ஊன்றிய குழிகளின் தடம் வட்டமாக வந்தது. 15 மீட்டர் குறுக்களவில் ஒரு பெரிய வட்ட வீடு! அப்படியென்றால் அந்தக் குழிகள்? தானியம் கொட்டி வைக்கும் குழிகள். நம் ஊர் தானியக் குதிர் ஒன்றை நிலத்துக்குள் இறக்கியது போல. ஒரு நாட்டின் மூதாதையரைக் குழியிலிருந்து எடுத்து வீட்டில் குடிவைத்துவிட்டார் என்று நான் மகளிடம் சொன்னேன்.

அதற்கு அடுத்த வருடம் அதே நாடு அவரை எதிரி நாட்டவர் என்று பிடித்து, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் உள்ள மான் தீவில் அடைத்தது. அப்போது அவருக்கு வயது 50. அங்கே அவர் என்ன செய்தார் தெரியுமா? காவலர் கூட நிற்க, முகாமில் இருந்த மற்ற கைதிகளை வேலையாட்களாக வைத்துக்கொண்டு தோண்டினார். மரியாவும் கூடவே வேலை செய்தார். 1944-லும் 1945-லும் பல்லதூல் என்ற இடத்தில் இரும்புக் காலக் கோட்டையைத் தேடப் போய், வைக்கிங் ஒருவரைப் படகோடு புதைத்த இடத்தைக் கண்டார். மரம் முழுக்க மக்கிப்போய், இரும்பு ஆணிகள் மட்டும் வரிசை கலையாமல் கிடந்தன. அந்த ஆணிகளை வைத்தே சுமார் 11 மீட்டர் படகின் உருவத்தை மீட்டார்.

ஒரே காலம், ஒரே வைக்கிங்குகள். ஒருவர் எஸ்.எஸ். அதிகாரியாகப் படைகளோடு போகிறார், மற்றவர் முள்வேலிக்குள் இருந்து வருகிறார். பெர்சு எழுதியதில் அந்தப் படகு யாருடைய நிலத்துக்கும் பட்டாவாக மாறவில்லை. அது ஒரு மனிதனைப் புதைத்த படகாகவே இருந்தது. வேறு வழியிருந்தது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் எனக்கு?

போருக்குப் பிறகு நடந்தது இன்னும் மனதைப் பிசைகிறது. யான்கூன் 1948 வரை காவலில் இருந்தார். வெளியே வந்ததும் மெல்ல மெல்லத் துறைக்குள் திரும்பினார். பலர் அப்படித்தான் திரும்பினார்கள். பழி முழுவதையும் ரைனெர்ட் தலையில் ஏற்றிவிட்டு, அவரிடமிருந்து தப்பிக்கத்தான் ஹிம்லர் பக்கம் ஒதுங்கினோம் என்றார்கள். ரைனெர்ட் செய்தது சின்னக் காரியமில்லை, அவரை ஒதுக்கியது சரிதான். ஆனால் ஒரே ஒருவரைக் கெட்டவராக்கிவிட்டால் மற்றவர்கள் எல்லோரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டதே. ரைனெர்ட் கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் தன் அருங்காட்சியகத்தோடு ஒதுங்கியிருந்தார். அவரும் யான்கூனும் 1990 ஏப்ரலில், ஒரே மாதத்தில் இறந்தார்கள்.

பெர்சு 1947-ல் டப்ளினில் பேராசிரியராகி, 1950-ல் ஃப்ராங்க்ஃபர்ட்டுக்குத் திரும்பி, தன்னைத் துரத்திய அதே நாற்காலியில் உட்கார்ந்து ஆணையத்தை மறுபடி கட்டி எழுப்பினார். 1956-ல் ஓய்வு பெற்றார். அதே 1956-ல் யான்கூன் கோட்டிங்கனில் பேராசிரியர் ஆனார். இந்த இரண்டு வரியையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

யான்கூனின் ஆய்வைத் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. அவர் அளந்த வீடுகள் அளந்தபடிதான் இருக்கின்றன, நம்பலாம். ஆனால் அந்த அளவுகளுக்கு மேலே அவர் எழுதிய ஒவ்வொரு வாக்கியத்தையும், எழுதிய வருடத்தையும் யார் பணத்தில் எழுதினார் என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படிப்பேன். மாணவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். முப்பது வருடம் அதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

நீ ஒத்துக்கொள்ள மாட்டாய் என்று தெரியும். நீளமாகத் திட்டி எழுது, காத்திருக்கிறேன். ஜூன் இரண்டாவது வாரம் ஊருக்கு வந்துவிடுவேன். நாம் குழியில் இறங்கி வரைந்த மண்ணடுக்குப் படங்கள் உன் வீட்டுப் பரணில்தான் இருக்க வேண்டும், எலி தின்றிருக்காவிட்டால் எடுத்து வை. அவற்றின் ஓரத்தில் அப்போது நாம் என்னென்ன எழுதினோம் என்று பார்க்க வேண்டும்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
தமிழ்ச்செல்வி